கோத்தகிரியில் மாண்டரின் மீன்: தொட்டியில் இரை நிற்கவே மாட்டேன் என்கிறது, என்ன காரணம்?

டிரஃப்காரர், கோத்தகிரி
அக்டோபர் 24

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இன்றுதான். எது முக்கியம், எது இல்லை என்று எனக்கே பிரிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன் வேலை. இலை வாட்டுகிற டிரஃப் ஃபேன் எல்லாம் என் பொறுப்பு, பெயர் அதிலிருந்து வந்தது. வீட்டு முன்னறையில் நாலடித் தொட்டி, அடியில் சம்ப் (தண்ணீர் இறங்கி வடிகட்டி மேலே போகிற கீழ்த்தொட்டி), இரண்டும் சேர்த்து 270 லிட்டர் உப்புத் தண்ணீர். ஓட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. ஸ்டாண்டு, சம்ப், லைட் எல்லாம் நானே செய்தவை. பவளப்பாறையைத் தொடவே கூடாது என்று சட்டம் இருப்பதால் கல்லையும் நானே வார்த்தேன். வெள்ளை சிமென்ட், சிப்பித்தூள், ஓட்டை விழுவதற்குக் கல்லுப்பு. மூன்று மாதம் ட்ரம்மில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பிஹெச் இறங்கிய பிறகுதான் தொட்டிக்குள் வைத்தேன்.

நான் முதலில் ஆசைப்பட்டது கடல்குதிரை. 2001-ல் அதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், வீட்டில் வைத்தால் குற்றம் என்று இங்கேதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த எண்ணத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மனதில் நின்றது மாண்டரின்தான். பசிபிக் கடல் மீன், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பக்கத்துப் பவளத் திட்டுகளில் இருப்பது. ஆள்காட்டி விரல் அளவைத் தாண்டாது. மற்ற மீன்களின் நீலம் பெரும்பாலும் வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் தெரிகிற நீலம். இதற்கு மட்டும் தோலிலேயே நீல நிறமி இருக்கிறது, அப்படிப்பட்ட முதுகெலும்பு உயிர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று படித்தபோது, ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஆகஸ்டில் சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். "ஃப்ரோசன் தீனி எல்லாம் நன்றாகச் சாப்பிடும் சார்" என்றார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸில் தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி கோத்தகிரி பஸ். குஞ்சப்பனை தாண்டியதும் மூடியைத் திறந்து பார்த்தால் ஆக்சிஜன் பை தவில் மாதிரி விறைத்து நிற்கிறது. மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், பை ஏறக்குறைய கால் பங்கு உப்பும் என்பது தெரிந்ததால் சென்னையிலேயே முக்கால் அளவுதான் அடிக்கச் சொல்லியிருந்தேன். முழுசாக அடித்திருந்தால் வெடித்திருக்கும்.

தொட்டியில் விட்ட முதல் நாள் வேலைக்கு லீவு போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நீந்துவதைவிட நடப்பதுதான் அதிகம். அடித் துடுப்பு இரண்டையும் கால் மாதிரி ஊன்றிக் கல்மேல் நகர்கிறது. ஒரு இடத்தில் நின்று, ஒரு கண்ணைத் தனியாகத் திருப்பி உற்றுப் பார்க்கிறது. பிறகு உடம்பு அசையாமல் வாய் மட்டும் குழாய் மாதிரி நீண்டு ஒரு கொத்து. அடுத்த அடி, அடுத்த கொத்து. நாள் முழுக்க இதே வேலை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். ஃப்ரோசன் எதையும் அது தொடவில்லை. கல்மேல் ஊரும் கோப்பிபாட் பூச்சிதான் அதன் இரை என்று புரிந்து, மூன்று தடவை பாட்டில் பாட்டிலாக வரவழைத்து ராத்திரியில் லைட்டை அணைத்த பிறகு விட்டேன். டார்ச் அடித்தால் மூன்று நாள், நான்கு நாள் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாக ஓடுவது தெரியும். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இருக்காது. மீன் தின்று தீர்த்துவிட்டதோ என்று, மூன்றாம் தடவை மீனே போக முடியாத சம்ப்பில் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் இதே கதை. மாண்டரின் மெலிந்துகொண்டே வருகிறது. வயிறு உள்ளே ஒட்டிவிட்டது. தலைக்குப் பின்னால் முதுகில் பள்ளம் விழுந்திருக்கிறது, பார்க்கவே முடியவில்லை.

மற்ற விவரம்: உப்பு அடர்த்தி 1.025, வெப்பம் 26, பிஹெச் 8.0, நைட்ரேட் 10. கோமாளி மீன் ஜோடி ஒன்று, மஞ்சள் கோபி மீன் ஒன்று, எல்லாம் கொழுகொழுவென்று இருக்கின்றன. நத்தை இரண்டு தடவை விட்டேன், நிற்கவில்லை. ஒரு க்ளீனர் இறால் சட்டை உரிக்கும்போது செத்தது. தண்ணீர் எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் ஊற்றுத் தண்ணீர், டிடிஎஸ் மீட்டரில் 38தான் காட்டுகிறது, அதனால் ஆர்ஓ போடவில்லை. ஆவியாகிப் போவதற்கு ஈடாக தினமும் 3 லிட்டர் ஊற்றுகிறேன். இங்கே காலையில் குழாய்த் தண்ணீர் 12, 13 டிகிரி இருக்கும், மீனுக்கு அதிர்ச்சி ஆகக்கூடாது என்று கீசரிலிருந்து வெதுவெதுப்பாகப் பிடித்து ஊற்றுவேன்.

இரை ஏன் நிற்கவில்லை? யாராவது வழி சொல்லுங்கள்.


கோவை ரீஃப்
அக்டோபர் 24

அண்ணா, நல்லா விவரமா எழுதியிருக்கீங்க. எனக்குத் தோணுறது, அந்தச் சிமென்ட் கல்லு மேலதான் சந்தேகம். இன்னொண்ணு, 14 மாசத் தொட்டின்னாலும் உங்களுது காய்ஞ்ச கல்லில் ஆரம்பிச்சது. அதுல பூச்சி பிடிச்சு நிக்க இன்னும் நாள் ஆகும்ங்க. அதுவரைக்கும் மீன் முட்டை கொடுத்துப் பாருங்க. கடல் மீன் வாங்கும்போது வயித்துல இருக்குற முட்டையைக் கழுவி, ஃப்ரீசர்ல வெச்சு, டிராப்பர்ல அது மூக்குக்கு முன்னாடி மெல்ல விடுங்க. என்கிட்ட இருந்த மாண்டரின் அப்படித்தான் பழகுச்சு, ஒரு மாசம் ஆச்சு.


கொடை மூடுபனி
அக்டோபர் 25

சிமென்ட் கல் தவறு செய்திருந்தால் பிஹெச் 8.4, 8.5 என்று ஏறியிருக்க வேண்டும். அவருடையது 8.0. கல்லை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

நான் கொடைக்கானலில் ஆறு வருஷமாகக் கடல் தொட்டி வைத்திருக்கிறேன், 2,100 மீட்டர் உயரம். நம் உயரத்தில் ஆக்சிஜனை மறக்கக் கூடாது. கடற்கரையில் 26 டிகிரி உப்புத் தண்ணீர் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் பிடிக்கும், நம்மிடம் ஐந்தரைக்குள்தான். அதனால் மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி பம்பைத் திருப்பி வையுங்கள். ஆனால் உங்கள் மீன் மெலிவதற்கு அது காரணமாக இருக்காது. அப்படியென்றால் கோமாளிகள்தான் முதலில் மேலே வந்து மூச்சு வாங்கும்.

இன்னொன்று, இது மழைக்காலம். மரம் விழுந்து லைன் போனால் ராத்திரி முழுக்கக் கரண்ட் வராது. ஹீட்டருக்கு யூபிஎஸ் தாங்காது. நான் செய்வது: தொட்டியைச் சுற்றிக் கம்பளி, பெட் பாட்டிலில் சுடுதண்ணீர் நிரப்பி மூடி சம்ப்பில் மிதக்கவிடுவது, ஏர் பம்ப் மட்டும் பேட்டரியில். 26-ல் ஆரம்பித்தால் காலையில் 21, 22-ல் நிற்கும். இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.


மரக்காணம் ஆல்கா
அக்டோபர் 25

தம்பி, "நத்தை இரண்டு தடவை விட்டேன், நிற்கவில்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீங்க. எனக்கு அங்கே இருந்து கண் நகரவில்லை.

நான் இருப்பது இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில். பதினெட்டு வருஷமாக ஆல்கா (நுண்பாசி) ரூம்தான் என் வேலை, குஞ்சுக்குத் தீனி வளர்க்கிறது. மீன் கொழுகொழு, நத்தை செத்துப்போகுது, இறால் சட்டை உரிக்கும்போது செத்துப்போகுது, கோப்பிபாட் நாலு நாளில் காணாமல் போகுது. இந்த நாலையும் ஒரு கயிற்றில் கட்டினால் எனக்குத் தெரிவது உலோகம். அதிலும் செம்பு. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் காப்பர் மருந்து போடுகிறார்கள் இல்லையா, மீன் பிழைக்கும், அதே தண்ணீரில் இறாலோ நத்தையோ நிற்காது. கோப்பிபாட் அவற்றைவிடச் சின்ன உயிர், இன்னும் குறைவாக இருந்தாலே போய்விடும். எங்களிடம் குஞ்சுத் தொட்டிக்கு வருகிற கடல் தண்ணீரில் எப்போதும் ஈடிடிஏ போடுவோம், உலோகத்தைக் கட்டிப் பிடிப்பதற்காக. நீங்கள் அதைப் போட வேண்டாம். கட்டிப் பிடிக்குமே தவிர வெளியே எடுத்துப் போடாது.

டிடிஎஸ் 38 என்பதை நம்பாதீங்க. மொத்தமாக எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. அந்த 38-க்குள் செம்பு ஒரு துளி இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது, கோப்பிபாட்டுக்குத் தெரியும். ஊற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டம் இருக்கா? மழைக்காலத்தில் கொப்புள நோய்க்குக் காப்பர் மருந்து அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு முதல் சந்தேகம் அதுதான். வீட்டில் பித்தளை வால்வு, பழைய கீசர் எல்லாவற்றையும் கணக்கில் சேருங்கள்.

டெஸ்ட் கிட் வாங்கலாம், வீட்டுக் கிட்டுக்கு அவ்வளவு சின்ன அளவு பிடிபடாது. நாங்கள் செய்கிற மாதிரி உயிரையே வைத்துப் பாருங்கள். ஐந்து கண்ணாடி டம்ளர். எவர்சில்வர் வேண்டாம். ஒன்றில் கேன் ஆர்ஓ தண்ணீரில் புதிதாகக் கலந்த உப்பு, ஒன்றில் ஊற்று வாயிலேயே பிடித்த தண்ணீரில் கலந்தது, ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கீசர் தண்ணீர், ஐந்தாவது உங்கள் தொட்டித் தண்ணீர். எல்லாம் ஒரே உப்பு, ஒரே அடர்த்தி, ஒரே வெப்பம். ஒவ்வொன்றிலும் எண்ணி இருபது கோப்பிபாட். 24 மணி நேரம், 48 மணி நேரம் கழித்து எத்தனை அசைகிறது என்று எண்ணுங்கள். ஆர்ட்டீமியா என்கிற உப்பளத்து இறால் குஞ்சை வைத்து இதைச் செய்யாதீங்க, அது செம்பை நன்றாகத் தாங்கும், பொய்யான நிம்மதி கொடுத்துவிடும்.

அதற்குள் மீனைக் காப்பாற்றணும். ஒரு 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி துண்டு போட்டு மாண்டரினை மட்டும் அதில் மாற்றுங்கள். போட்டிக்கு வேறு மீன் இல்லாமல் இருப்பதே அதற்குப் பாதி மருந்து. அமோனியாவை தினமும் பாருங்கள். ஆர்ட்டீமியாவைப் பொரித்துப் பொரித்த அன்றைக்கே கொடுங்கள், நேரம் ஆக ஆகக் குஞ்சு தன் மஞ்சள் கருவைத் தானே தின்று சக்கையாகிவிடும். ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலைப் படுக்க வைத்து, அதற்குள் டிராப்பரில் விட்டால் கலைந்து போகாது, மீன் உள்ளே நடந்து வந்து தின்னும். இது ஆள் நிற்க வைக்கிற தீனி, ஆளைத் தேற்றுகிற தீனி கோப்பிபாட்தான்.

அதை நீங்களே வளர்க்கணும் தம்பி. பாட்டில் வாங்கி விடுவது கடையில் இட்லி வாங்கிக் குடும்பம் நடத்துவது மாதிரி. கறவை மாடு வாங்குகிறவர்கள் முதலில் பசும்புல்லுக்கு இடம் பார்ப்பார்கள். இந்த மீன் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கொத்திக்கொண்டே இருக்கும் ஜாதி, மூன்று வேளை தட்டில் வைத்து அதற்குக் கட்டாது. இருபது லிட்டர் பக்கெட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் ஒரு நாள் கெட்டுப்போகும், அதனால்தான் இரண்டு. ஏர் லைன் நுனியில் குமிழ்க் கல் இல்லாமல், ஒவ்வொரு குமிழாகப் போனால் போதும். ஏர் லைனில் பித்தளை வால்வு இருந்தால் கழற்றிப் பிளாஸ்டிக் போடுங்கள். தீனிக்குப் பச்சைத் தண்ணீர், அதாவது ஆல்கா வளர்ந்த தண்ணீர், ஐசோகிரைசிஸோ டெட்ராசெல்மிஸோ கிடைத்தது எதுவோ. தண்ணீர் லேசாக நிறம் மாறும் அளவு ஊற்றுங்கள், தெளிந்த பிறகுதான் அடுத்த தீனி. அறுவடைக்கு 120 மைக்ரான் வலை, பெரிசு வலையில் நிற்கும், குஞ்சு கீழே போய் அடுத்த வாரத்துக்கு வளரும். ஆல்காவுக்குத் தொட்ட கரண்டியைக் கோப்பிபாட் பக்கெட்டில் வைத்துவிட்டு மறுபடி ஆல்காவில் வைக்காதீங்க, ஒரு பூச்சி ஏறினால் முழு ஆல்காவும் போச்சு.

இங்கே மரக்காணத்தில் ஆல்கா ரூமை 20, 22 டிகிரியில் வைக்க இரவு பகலாக ஏசி ஓடுது. உங்களுக்கு அது ஜன்னலைத் திறந்தாலே கிடைக்கும். வளர்ப்புக்கு உங்கள் ஊர் நல்ல ஊர் தம்பி.


கோவை ரீஃப்
அக்டோபர் 26

அக்கா சொன்னது சரிங்க, நான் நத்தையைக் கவனிக்கவே இல்லை. அண்ணா, என் வீட்டுல கோப்பிபாட் பக்கெட் நாலு ஓடுது, பச்சைத் தண்ணியும் இருக்குது. ஞாயித்துக்கிழமை காலையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸ்டாண்டுக்கு வந்துருங்க, ரெண்டு லிட்டர் கொண்டுவந்து தர்றேன். காசெல்லாம் வேண்டாம்.


டிரஃப்காரர், கோத்தகிரி
நவம்பர் 9

அக்கா, கோவைத் தம்பி, கொடைக்கானல் நண்பர், மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுத நேரமே இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மாண்டரினை அன்று ராத்திரியே டப்புக்கு மாற்றினேன். மூன்றாம் நாள் பாட்டிலுக்குள் தலையை மட்டும் விட்டது. நான்காம் நாள் முழுசாக உள்ளே போய் ஆர்ட்டீமியாவைக் கொத்தியது. என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொத்தை எண்ணினாள், பத்து நிமிஷத்தில் 74.

டம்ளர் சோதனையை இரண்டு பேருமாகச் செய்தோம். இருபது கோப்பிபாட் எண்ணி எடுப்பது நான் நினைத்த மாதிரி இல்லை. வெள்ளைத் தட்டில் ஒரு துளி விட்டு, பேப்பர் படிக்கிற லென்ஸ் வைத்துப் பார்த்தால் கடுகில் பாதி கூட இல்லை, துளிக்குள்ளேயே ஒவ்வொன்றும் தத்தித் தத்தி ஓடுகிறது. சிலதுக்கு வால் பக்கம் முட்டைப் பை தொங்குகிறது. அதைப் பார்த்த பிறகு அவற்றை வெறும் மீன் தீனி என்று சொல்ல என் மகள் விடுவதில்லை. நூறு எண்ணி முடிக்கும்போது ராத்திரி 11 மணி. டம்ளர்களை எல்லாம் சம்ப்பில் பாதி முங்கும்படி நிறுத்தினோம், வெப்பம் ஒரே அளவாக இருக்க.

48 மணி நேரத்தில் உயிரோடு இருந்தவை: ஆர்ஓ தண்ணீரில் 19. ஊற்று வாயில் பிடித்ததில் 18. குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 17. கீசர் தண்ணீரில் 3. தொட்டித் தண்ணீரில் ஒன்றுமில்லை, அதில் 24 மணி நேரத்திலேயே எல்லாம் அடியில் கிடந்தன.

நானும் அக்கா மாதிரி தோட்டத்து மருந்தைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். மழை பிடித்தால் வாரத்துக்கு ஒரு தடவை காப்பர் அடிப்பதைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனால் ஊற்றுத் தண்ணீரில் 18 பிழைத்திருக்கிறது. கீசர்தான்.

கீசரைக் கழற்றினேன். பதினொரு வருஷத்துப் பழசு, உள்ளே செம்புத் தொட்டி. வெள்ளை பேசினில் அதன் குழாய் சொட்டுகிற இடத்தில் நீலப் பச்சையாக ஒரு கறை இருக்கிறது. வருஷக்கணக்காக வீட்டில் அதைத் தேய்த்துத் தேய்த்துப் போகாமல் விட்டுவிட்டார்கள், நானும் பாசி என்றே நினைத்திருந்தேன். நான் தொட்டிக்குத் தண்ணீர் பிடிப்பது காலை ஐந்தரைக்கு, ஷிஃப்டுக்குப் போகுமுன். ராத்திரி முழுக்கச் செம்புக்குள் நின்ற தண்ணீர்தான் முதலில் வரும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 3 லிட்டர், 14 மாதத்துக்கு 1,200 லிட்டருக்கு மேல். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், செம்பு போகாது. பச்சை இலையை டிரஃப்பில் கொட்டி வாட்டினால் ஈரம் மட்டும் போய் இலையின் சாரம் அப்படியே நிற்கிற மாதிரி, 1,200 லிட்டரின் செம்பு 270 லிட்டருக்குள் சேர்ந்திருக்கிறது. 22 வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் இது எனக்குத் தோன்றவில்லை. அந்த மீன் இரண்டரை மாதம் பட்டினி கிடந்தது என் கையால்தான் என்பது ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

தொட்டியில் செம்பை உறிஞ்சி நீலமாகிற பாலிஃபில்டர் பேட் போட்டிருக்கிறேன், இரண்டு நாளில் வெள்ளைப் பேட் நீலமாகிவிட்டது. ஆர்ஓ மெஷின் வாங்கிவிட்டேன்.

அக்கா, ஒரு கேள்வி. நான் வார்த்த கல்லில் செம்பு ஏறியிருக்குமா? எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டுமா?


மரக்காணம் ஆல்கா
நவம்பர் 9

தம்பி, வருத்தப்படாதீங்க. குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அக்கறைப்பட்டுத்தானே கீசர் பக்கம் போனீங்க. தோட்டத்து மருந்து என்று நான் சொன்னது தப்பாகிப் போச்சு, ஊற்றுக்கும் கீசருக்கும் தனித்தனி டம்ளர் வைத்தது நல்லதாச்சு.

உங்கள் ஊற்றுத் தண்ணீர் ரொம்ப மென்மையானது, அதில் சுண்ணாம்புச் சத்தே கிடையாது. எங்கள் ஊர் போர் தண்ணீர் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து ஒரு பூச்சு கட்டிவிடும், உலோகத்தைத் தொடாது. மலைத் தண்ணீர் அப்படிப் படியாது, லேசான புளிப்பும் இருக்கும், பட்ட உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். சூடாக ராத்திரி முழுக்க நின்றால் இன்னும் அதிகம். குடிக்கவும் சமைக்கவும் அந்தக் கீசர் தண்ணீரை எடுக்காதீங்க.

கல்லில் கட்டாயம் ஏறியிருக்கும். சுண்ணாம்புக் கல் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். தூக்கிப்போட வேண்டாம், பொறுமை இருந்தால் எடுத்துவிடலாம். வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், பேட் நீலம் ஆக ஆகப் புதுசு போடுங்கள். ஒரு பேட் மூன்று வாரம் கிடந்தும் நீலம் ஏறவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி டம்ளர் வையுங்கள். தொட்டித் தண்ணீரில் இருபதுக்குப் பதினேழாவது நிற்கணும், அதுவரை மீன் டப்பிலேயே இருக்கட்டும். நாள் ஆகிறதே என்று இடையில் மாற்றிவிடாதீங்க.


டிரஃப்காரர், கோத்தகிரி
பிப்ரவரி 15

மூன்று மாதம் கழித்து வருகிறேன். யாருக்காவது உதவும் என்பதால் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் கடைசியில் இரண்டு நாள் விடாத மழை. எங்கள் லைனில் மரம் விழுந்து 19 மணி நேரம் கரண்ட் இல்லை. பெரிய தொட்டி தாங்கியது, 40 லிட்டர் டப் தாங்காது என்று எனக்குப் பயம். கொடைக்கானல் நண்பர் சொன்ன மாதிரி கம்பளி சுற்றி, அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைப் பெட் பாட்டிலில் அடைத்து, மணிக்கு ஒரு தடவை மாற்றி மிதக்கவிட்டேன். ராத்திரி முழுக்க நானும் மனைவியும் மாற்றி மாற்றி விழித்திருந்தோம். 23-க்குக் கீழே போகவில்லை. மாண்டரின் பிவிசி துண்டுக்குள் வெளுத்துப்போய்க் கிடந்தது, கரண்ட் வந்து இரண்டு மணி நேரத்தில் நிறம் திரும்பியது.

கோப்பிபாட் பக்கெட் இரண்டையும் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். அக்கா சொன்னபடியே ஒன்று டிசம்பரில் கெட்டது, தீனி அதிகமாக ஊற்றிவிட்டேன், முட்டை அழுகிய வாடை வந்தது. இன்னொன்றிலிருந்து எடுத்து மறுபடி ஆரம்பித்தேன். இப்போது மூன்று பக்கெட் ஓடுகிறது. டப்பில் இருந்தவரை வாரத்துக்கு இரண்டு தடவை வலையில் வடித்துக் கொடுத்தேன். டிசம்பர் கடைசியில் முதுகுப் பள்ளம் மூடிவிட்டது.

பேட் ஐந்து ஆயிற்று. முதல் பேட் இரண்டு நாளில் நீலம், இரண்டாவது ஆறு நாளில், மூன்றாவது இரண்டு வாரத்தில், நான்காவது ஓரத்தில் மட்டும் லேசாக. ஐந்தாவது மூன்று வாரம் கிடந்து காப்பித்தூள் நிறமாக அழுக்குத்தான் ஏறியது. அன்றைக்கு டம்ளர் வைத்தோம். தொட்டித் தண்ணீரில் 48 மணி நேரத்துக்குப் பிறகு 18.

உடனே மாற்றவில்லை. சம்ப்பில் ஒரு தடுப்புக் கட்டி, சீட்டோ பாசி போட்டு, ராத்திரியில் அதற்கு மட்டும் லைட் எரியவிட்டு, பக்கெட்டில் இருந்து நாலு தடவை கோப்பிபாட் விட்டு மூன்று வாரம் மாண்டரின் இல்லாமல் பெருகவிட்டேன். முன்பக்கக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மார்க்கரில் சதுரம் வரைந்து, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் அடித்து அதற்குள் இருப்பதை மகள் எண்ணி காலண்டரில் எழுதுவாள். முதல் நாள் 4. பத்தாம் நாள் 31. மீனை விட்ட அன்று 88. அது வந்து ஒரு மாதம் ஆகிறது, நேற்று 52. குறைந்திருக்கிறது, ஆனால் மூன்று வாரமாக ஐம்பதைச் சுற்றியே நிற்கிறது. 40-க்குக் கீழே போனால் பக்கெட்டில் இருந்து விடுவதாக வைத்திருக்கிறோம்.

நத்தையும் நான்கு விட்டேன். நான்கும் இருக்கின்றன.


கொடை மூடுபனி
பிப்ரவரி 16

படித்து முடித்ததும் நேராகக் குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் பழைய செம்புக் கீசர்தான், பேசினில் அதே நீலப் பச்சைக் கறை. தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றுவதால் தப்பித்திருக்கிறேன். ஆனால் உப்புக் கலக்கும்போது பக்கெட்டைச் சூடாக்க அந்தத் தண்ணீரைத்தான் ஒரு குடம் சேர்ப்பேன். ஆறு வருஷமாக என்னிடம் இறால் நின்றதே இல்லை. குளிர் என்று நினைத்திருந்தேன்.


டிரஃப்காரர், கோத்தகிரி
பிப்ரவரி 16

இன்றைக்கே அதை நிறுத்திவிட்டு டம்ளர் வையுங்கள். எண்ணிப் பார்க்க உங்களுக்குக் கோப்பிபாட் வேண்டுமே, ஒரு லிட்டர் பாட்டில் எடுத்து வைக்கிறேன். மனைவியின் தம்பி சனிக்கிழமை பழனிக்குப் போகிறான், அங்கே பஸ்ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ள முடியுமா? பாட்டிலை வெயில் படாமல் துணி சுற்றிக் கொடுத்துவிடுகிறேன். கீழே வெயிலும் மேலே குளிருமாகப் போகும், மேலே ஏறும்போது மூடியை ஒரு தடவை லேசாகத் திறந்து மூடுங்கள்.